பாடத்திட்டம் போடுறவங்களுக்கு: மார்க்கை கேமுக்குப் போடாதீங்க, பக்குக்கு (புரோகிராம்ல வர்ற தப்புக்கு) போடுங்க

வணக்கம்.

டீனேஜ் பசங்களுக்கு கம்ப்யூட்டர்ல என்ன சொல்லித்தரணும், வாரத்துக்கு எத்தனை பீரியட், எதுக்கு எவ்ளோ மார்க்னு முடிவு பண்ற இடத்துல உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும்தான் இந்த மடல். நான் பல வருஷமா 13லேர்ந்து 17 வயசு வரைக்கும் உள்ள பசங்களை வெச்சு கேம் பண்ண வைக்கிற ஆளு. அட்டைப்பெட்டி, அலுமினிய ஃபாயில், ஒயர், பேட்டரி, யாரோ வேணாம்னு குடுத்த பழைய லேப்டாப், இதுதான் நம்ம கிளாஸ்ரூம். இப்ப திடீர்னு எல்லாரும் "செய்து கற்றல்", "மேக்கர் லேப்"னு பேச ஆரம்பிச்சிருக்கீங்க, கேக்க சந்தோஷமாத்தான் இருக்கு, ஆனா சேர்ந்தாப்புல ஒரு பயமும் வருது. ஏன்னா லேப் மாறும், பொருள் வந்து இறங்கும், பரீட்சை மட்டும் அப்படியே இருக்கும். அப்படி ஆனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், நானே அந்தத் தப்பை பண்ணவன்.

முதல் வருஷம் நான் எடுத்த கிளாஸ்ல 30 பேர். ஸ்கிராட்ச்ல (பிளாக்கை இழுத்து ஒட்டி புரோகிராம் பண்ற மொழி) மேலேர்ந்து விழற பந்தைப் பிடிக்கிற கேம். ஒவ்வொரு படியும் படத்தோட ஷீட்ல அடிச்சு குடுத்துட்டேன், இந்த பிளாக்கை இழு, இங்க ஒட்டு, இந்த நம்பரைப் போடு. ஒன்றரை மணி நேரத்துல 30 பேரும் முடிச்சுட்டாங்க, எல்லா ஸ்க்ரீன்லயும் பந்து விழுது, நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். அடுத்த வாரம் வந்து, "சரி, பந்து பாதி வேகத்துல விழணும், மாத்துங்க"ன்னேன். நாலு பேர் மாத்துனாங்க. மிச்ச 26 பேரும் போன வார ஷீட்டைத் தேடுனாங்க. அன்னைக்குத்தான் புரிஞ்சது, நான் எடுத்தது கம்ப்யூட்டர் கிளாஸ் இல்ல, பார்த்து எழுதுற கிளாஸ். நோட்டுக்குப் பதிலா ஸ்க்ரீன், அவ்ளோதான். கிட் வாங்கிக் குடுத்து, கூட வர்ற புக்ல இருக்கிற மாதிரியே ரோபோவை மாட்ட வெச்சு, ஃபோட்டோ எடுத்து அனுப்புறதும் இதே கதைதான், பொருள் மட்டும் காஸ்ட்லி.

அப்ப எது வேலை செய்யுதுன்னு கேட்டீங்கன்னா ஒரு பொண்ணு கதையைச் சொல்றேன். அட்டைப்பெட்டில ரெண்டு ஓட்டை போட்டு, உள்ள ஃபாயில் ஒட்டி, பந்து ஓட்டைக்குள்ள விழுந்தா ஸ்கோர் ஏர்ற மாதிரி ஆர்டுயினோல (ஒயர் மாட்டி புரோகிராம் போடுற குட்டி சர்க்யூட் போர்டு) பண்ணியிருந்தா. பண்ணி முடிச்சு ஆன் பண்ணா, பந்தே போடல, ஸ்கோர் பாட்டுக்கு ஏறுது. கையைக் கிட்ட கொண்டு போனா இன்னும் வேகமா ஏறுது. "சார் பெட்டிக்குள்ள பேய் இருக்கு"ன்னா, பக்கத்துல இருந்தவங்களும் நம்புற மாதிரிதான் இருந்துச்சு. எனக்கு விஷயம் பார்த்ததுமே தெரியும், ஆனா வாயைத் திறக்கல (இந்த வேலையிலயே கஷ்டமான பகுதி அதுதான்). ஒயரைக் கழட்டிப் பார்த்தா, மாட்டிப் பார்த்தா, கோட்டை வரி வரியா படிச்சா, ஒயரை நீளமா வெச்சா பேய் ஜாஸ்தி, குட்டையா வெச்சா கம்மின்னு அவளே நோட்ல எழுதி வெச்சா. கடைசில விஷயம் என்னன்னா, ஃபாயில் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாதப்ப போர்டுல ஒயர் மாட்டியிருக்கிற பின் எதுகூடயும் சேராம அந்தரத்துல தொங்குது, தொங்குற ஒயர் ஒரு ஆன்டெனா மாதிரி, சுத்தி இருக்கிற கரண்ட் லைன், நம்ம கை, எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு 0ன்னும் 1ன்னும் மாத்தி மாத்தி படிக்குது. எதுவும் தொடாதப்ப பின்னை 1லயே பிடிச்சு வைக்கிறதுக்கு சிப்புக்குள்ளயே இருக்கிற புல்-அப் ரெசிஸ்டரை ஒரே ஒரு வார்த்தை மாத்தி ஆன் பண்ணா, பேய் போயிடுச்சு.

பேய் போனதும் அடுத்தது வந்துச்சு. ஒரு பந்து போட்டா ஸ்கோர் 3, சில நேரம் 5. ரெண்டு உலோகம் ஒண்ணை ஒண்ணு தொடும்போது ஒரே தடவையில ஒட்டிக்காது, சில மில்லி செகண்டுக்குள்ள பல தடவை துள்ளித் துள்ளித்தான் நிக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, சிப்புக்கு நல்லாவே தெரியும். ஒரு தடவை எண்ணினதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கோன்னு கோட் எழுதணும். எவ்ளோ நேரம்? 5 மில்லி செகண்ட் வெச்சா இன்னும் தப்பா எண்ணுது, ஒரு செகண்ட் வெச்சா வேகமா விழுந்த ரெண்டாவது பந்தை விட்டுடுது. அவளே மாத்தி மாத்திப் பார்த்து 50ல நிறுத்தினா. உங்க பரீட்சைல "உள்ளீட்டுச் சாதனம் வரையறு" 2 மார்க். அந்தக் கேள்விக்கு அவ பதில் எழுதியிருப்பாளான்னு எனக்கு சந்தேகம்தான், ஆனா உள்ளீடுன்னா என்னன்னு அந்த ரூம்ல அவளை விட தெரிஞ்சவங்க யாரும் இல்ல.

இது நான் கண்டுபிடிச்ச விஷயம் ஒண்ணும் இல்ல, அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. 1967ல சீமோர் பேப்பர்ட், வாலி ஃபியூர்ஸிக், சிந்தியா சாலமன் எல்லாம் சேர்ந்து லோகோன்னு ஒரு மொழி பண்ணாங்க, குழந்தைங்களுக்குன்னே. அதுல ஒரு ஆமை வரும், முன்னாடி போ, திரும்புன்னு சொன்னா கோடு போட்டுக்கிட்டே போகும். பேப்பர்ட் அதுக்கு முன்னாடி ஜெனிவால, குழந்தைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஆராய்ஞ்ச பியாஜேகிட்ட வேலை பார்த்தவரு. ஆமை ஏன்னா, வட்டம் எப்படி வரையறதுன்னு தெரியாத பையன் எழுந்து நின்னு தானே நடந்து பார்க்கலாம், கொஞ்சம் நட, கொஞ்சம் திரும்பு, மறுபடி நட. அவரு சொன்னதுல எனக்கு முக்கியமா பட்டது இதுதான்: ஸ்கூல்ல ஒரு விடைன்னா சரி இல்ல தப்பு, அதோட கதை முடிஞ்சுது, புரோகிராம்ல அப்படிக் கிடையாது, தப்பா ஓடுறதை சரி பண்ண முடியுமான்னுதான் கேள்வி. பேப்பர்ட் வேலை பார்த்த எம்ஐடிங்கிற அமெரிக்கப் பல்கலைக்கழகத்துலேர்ந்துதான் 2007ல மிட்சல் ரெஸ்னிக் டீம் ஸ்கிராட்ச்சை வெளியிட்டாங்க. 2016ல மைக்ரோபிட்னு ஒரு குட்டி போர்டு வந்துச்சு, 25 குட்டி எல்இடி, ரெண்டு பட்டன், ஆட்டினா தெரிஞ்சுக்கிற சென்சார், பிரிட்டன்ல கிட்டத்தட்ட பத்து லட்சம் பசங்களுக்கு சும்மாவே குடுத்தாங்க. கருவிக்குப் பஞ்சமே இல்லைங்க. தப்பு பண்ண நேரத்துக்குத்தான் பஞ்சம்.

ஏன் கேம்னு கேப்பீங்க. "படிக்க அனுப்பினா விளையாட விடுறீங்களே"ன்னு பெத்தவங்க கேட்டு கேட்டு எனக்கு பழகிடுச்சு. கேம்ல தப்பு ஒளிஞ்சுக்க முடியாது, அதான் காரணம். வட்டி கணக்கு போடுற புரோகிராம்ல விடை தப்பா வந்தா பையனுக்குத் தெரியாது, சார் சொன்னாத்தான் தெரியும். கேம்ல குதிச்ச ஆளு கீழ வராம வானத்துக்குப் போயிட்டா ரூமே சிரிக்கும், யாரும் மார்க் போட்டுச் சொல்ல வேண்டியதில்ல.

அந்தக் குதியையே எடுத்துக்கோங்க. முதல்ல எல்லா பசங்களும் ஒரே மாதிரிதான் எழுதுவாங்க, பட்டன் அமுக்கினா மேல 100 பிக்சல், அப்புறம் கீழ 100 பிக்சல். ஓட்டிப் பார்த்தா லிஃப்ட் மாதிரி இருக்கும். "இது குதி மாதிரி இல்லையே"ன்னு அவங்களே சொல்லுவாங்க. அப்பதான், வேகம்னு தனியா ஒரு வேரியபிள் வை, குதிக்கும்போது மேல் பக்கமா 10 குடு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரையில மாறுற ஒவ்வொரு படத்துக்கும்) அதுலேர்ந்து அரை குறைச்சுக்கிட்டே வான்னு சொல்லணும். 20 ஃப்ரேம்ல வேகம் பூஜ்யமாகும், ஏறத்தாழ 100 பிக்சல் உயரம் போயிருக்கும், அப்புறம் தானா கீழ வரும், முதல்ல மெதுவா, போகப்போக வேகமா. அதைப் பார்த்ததும் முகத்துல ஒரு மாற்றம் வரும் பாருங்க. பிசிக்ஸ் புக்ல முடுக்கம்னு படிச்சது இதுதான்னு யாராவது ஒருத்தர் கத்துவாங்க, எல்லா பேட்ச்லயும் கத்துவாங்க. அப்புறம் நிலால குதிக்கிற மாதிரி பண்ணணும்னு அந்த அரையை இன்னும் குறைச்சு வெச்சு விளையாடுறது தனி கதை.

இதோட நிக்காது. புல்லெட் சுவருக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போயிடும், ஏன்னா புல்லெட் ஒரு ஃப்ரேமுக்கு 40 பிக்சல் தாண்டுது, சுவர் தடிமன் 20தான், இந்த ஃப்ரேம்ல சுவருக்கு முன்னாடி, அடுத்த ஃப்ரேம்ல சுவருக்குப் பின்னாடி, சுவர் மேல அது இருக்கவே இல்ல. நம்ம கண்ணுக்கு ஓட்டமா தெரியுறது கம்ப்யூட்டருக்கு தனித்தனி படம்னு எந்த லெக்சர் குடுத்தாலும் இப்படி மண்டையில ஏறாது. இன்னொரு நாள் ரெண்டு பேருக்கு சண்டை, ஒரே கோட், ஒருத்தன் லேப்டாப்ல எதிரி ஆமை மாதிரி வர்றான், இன்னொருத்தன் லேப்டாப்ல பிச்சுக்கிட்டு வர்றான். ஒரு மெஷின் செகண்டுக்கு 30 தடவை லூப் சுத்துது, இன்னொண்ணு 60. ஃப்ரேமைக் கணக்கு வைக்காதீங்க, போன நேரத்தைக் கணக்கு வைங்கன்னு சொல்றதுக்கு அன்னைக்கு எனக்கு ரெண்டு நிமிஷம் போதுமானதா இருந்துச்சு, ஏன்னா கேள்வி அவங்களோடது.

பழைய கேம்களைப் பத்தி பேசினா இன்னும் நல்லா கேப்பாங்க. 1978ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல 55 ஏலியன், சுடச் சுட மிச்சம் இருக்கிறது வேகமாகும். அதை கேமைப் பண்ணின டோமோஹிரோ நிஷிகாடோ முன்கூட்டியே திட்டம் போட்டு வைக்கல, அப்ப இருந்த சிப்புக்கு அத்தனையையும் வரையறதே மூச்சு முட்டுற வேலை, எண்ணிக்கை குறைய குறைய தானா வேகமாச்சு, நல்லா இருக்கேன்னு விட்டுட்டாரு. 1980 பேக்மேன்ல பேய்ங்களுக்கு தனித்தனி குணம் இருக்கிற மாதிரி தெரியும். சிவப்பு நீங்க நிக்கிற கட்டத்தை நோக்கி வரும், பிங்க் நீங்க போற திசையில நாலு கட்டம் முன்னாடி குறி வைக்கும், ஆரஞ்சு 8 கட்டத்துக்கு மேல தள்ளி இருந்தா துரத்தும், கிட்ட வந்துட்டா தன் மூலைக்கு ஓடிடும். ஆரஞ்சுக்கு ஒரே ஒரு இஃப்-எல்ஸ் (இப்படின்னா இது பண்ணு, இல்லன்னா அது பண்ணு), பார்க்கிறவனுக்கு அது பயந்தாங்கொள்ளிப் பேய். செயற்கை நுண்ணறிவுன்னு பெரிய வார்த்தையெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி இதை ஒரு தாள்ல கட்டம் போட்டு, ஒரு பையன் பேயா நடக்க, இன்னொருத்தன் ஓட, பண்ணிப் பாருங்க. அதே கேம் 256வது லெவல்ல பாதி ஸ்க்ரீன் குப்பையா மாறிடும், லெவல் நம்பருக்கு ஒரே ஒரு பைட்தான் ஒதுக்கியிருந்தாங்க, 255க்கு மேல அதுல இடம் இல்ல. பைனரி பாடம் நான் அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பேன். இல்லன்னா "எதுக்கு சார் இது"ன்னு கேக்குற கேள்விக்கு என்கிட்ட பதிலே இருந்திருக்காது.

கோட் மட்டும்னு நினைச்சுக்காதீங்க, கேமை டிசைன் பண்றதுங்கிறது வேற ஒரு வேலை, அதை பாடத்திட்டத்துல யாரும் கண்டுக்கிறதே இல்ல. முதல் நாள் "என்ன கேம் பண்ணப் போறீங்க"ன்னு கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில்தான், பெரிய நகரம், கார், துப்பாக்கி, நூறு பேர் ஆன்லைன்ல ஆடணும். நான் சிரிக்க மாட்டேன், "சூப்பர், அதுல முதல் பத்து செகண்டை மட்டும் தாள்ல பண்ணிக் காட்டு"ன்னு சொல்லுவேன். தாள், கத்தரி, பகடை. தாள்ல போரடிச்சா ஸ்க்ரீன்லயும் போரடிக்கும், ஸ்க்ரீன்ல அதைக் கண்டுபிடிக்க மூணு வாரம் ஆகும், தாள்ல இருபது நிமிஷம். அப்புறம் மூணாவது வாரம் அடுத்தவனை உக்கார வெச்சு ஆட விடணும், அதுக்கு ஒரே ஒரு ரூல், கேம் பண்ணவன் வாயைத் திறக்கக் கூடாது. "இல்லடா அந்த பட்டனை அமுக்கு"ன்னு சொல்லக் கூடாது, கையைக் காட்டக் கூடாது, பெருமூச்சு கூட விடக் கூடாது. ஒரு பையன் தன் கேமை தானே நூத்துக்கணக்கான தடவை ஆடி ஆடி கை பழகிப்போய், அவனுக்கு ஈஸியா இருக்குன்னு மேல மேல கஷ்டமாக்கி வெச்சிருந்தான், வந்து உக்காந்த யாராலயும் முதல் பள்ளத்தையே தாண்ட முடியல. பின்னாடி நின்னு நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருந்தான். ஆறாவது ஆளும் விழுந்ததும் ஒண்ணும் பேசாம போய் பள்ளத்தைச் சின்னதாக்கிட்டு வந்தான். நான் செஞ்சது எனக்குப் புரியுதுங்கிறதுக்காக அடுத்தவனுக்கும் புரியும்னு அர்த்தம் இல்லன்னு, இன்னைக்கு சாஃப்ட்வேர் பண்ற பெரியவங்க நிறைய பேருக்கே யாரும் இப்படி உரைக்கிற மாதிரி காட்டினதில்ல.

சரி, ஏஐ. இப்ப இதைப் பேசாம இருக்க முடியாது. ஒரு பையன் சாட்பாட்கிட்ட கேட்டு முழு கேமையும் ஒட்டிக்கிட்டு வந்துட்டான், ஜம்முனு ஓடுது, சவுண்டு கூட இருக்கு. நான் திட்டல. "வலது பக்கத்துலேர்ந்து வர்ற எதிரி இடது பக்கத்துலேர்ந்து வரட்டும், பத்து நிமிஷம், நெட் இல்லாம"ன்னேன். அவனால முடியல, திரை ஓரத்தோட நம்பர் எங்க இருக்குன்னே தெரியல. பக்கத்துல இருந்தவன் அசிங்கமா ஒரு கேம் பண்ணியிருந்தான், எதிரின்னா வெறும் சிவப்பு சதுரம், அவன் ரெண்டு நிமிஷத்துல மாத்திட்டான். உங்க முறைப்படி முடிஞ்ச பொருளைப் பார்த்து மார்க் போட்டா முதல் பையனுக்கு 90, ரெண்டாவது பையனுக்கு 50. நான் கேக்குறது இதை மாத்தத்தான்.

எப்படி மாத்துறதுன்னா, கேம் நல்லா இருக்கா, கிராஃபிக்ஸ் எப்படின்னு மார்க் போடாதீங்க. ஒவ்வொருத்தரும் ஒரு பக் நோட் வெச்சுக்கட்டும், என்ன நடக்கணும்னு நினைச்சேன், என்ன நடந்துச்சு, எதுன்னு சந்தேகப்பட்டேன், எதை மாத்திப் பார்த்தேன். கையெழுத்து கோணலா இருந்தாலும் பரவால்ல, அழகா காப்பி எடுத்த நோட்டா இருந்தாத்தான் எனக்கு சந்தேகமே வரும். மார்க்ல பெரிய பங்கு அதுக்கு. மிச்சத்துல பாதி, அவங்க கேம்லயே அந்த நிமிஷம் ஒரு மாற்றம் கேளுங்க, சின்னதா, பக்கத்துல உக்காந்து பாருங்க. முடிக்கலன்னா கூட எங்க தேடுறாங்கன்னு பார்த்தாலே தெரிஞ்சிடும், சரியான ஃபங்ஷனைத் திறந்தவனுக்கும் மேலேர்ந்து கீழ ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே இருக்கிறவனுக்கும் வித்தியாசம் அஞ்சு செகண்ட்ல தெரியும். எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் இருந்தாத்தான் நியாயம்னு சொல்லுவீங்க, தெரியும். எல்லாருக்கும் ஒரே முறை இருந்தா போதாதா? ஒரே கேள்வி எதுக்கு?

இதுக்கு நேரம் வேணும், அதை மறைக்க விரும்பல. 40 நிமிஷ பீரியட்ல லேப்டாப் திறந்து, ஒயர் மாட்டி, போன வாரம் எங்க விட்டோம்னு ஞாபகப்படுத்தறதுக்குள்ள மணி அடிச்சிடும். ரெண்டு பீரியட் சேர்த்துக் குடுங்க, வாரத்துக்கு ஒரு தடவை போதும். அதுக்கு ஈடா சிலபஸ்ல கம்ப்யூட்டர் தலைமுறைகள், முதல் தலைமுறை ரெண்டாம் தலைமுறைன்னு ஒரு யூனிட் இருக்குமே, அதைத் தூக்கிடுங்க, யாரும் அழ மாட்டாங்க.

டீச்சரை மறந்துடாதீங்க. இங்கிலாந்துல 2014 செப்டம்பர்ல பழைய ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) பாடத்தை எடுத்துட்டு கம்ப்யூட்டிங்னு புதுப் பாடம் கொண்டு வந்தாங்க, அஞ்சு வயசுலேர்ந்தே புரோகிராமிங், நல்ல முடிவுதான். மூணு வருஷம் கழிச்சு அங்க இருக்கிற ராயல் சொசைட்டிங்கிற அறிவியல் அமைப்பு ஆராய்ஞ்சு பார்த்து, நாட்டுல அது ஒரே சீரா நடக்கல, அங்கங்க ஆட்டம் காணுது, டீச்சர்களுக்கு கை குடுக்கணும்னு சொல்லிச்சு. பாடத்தை ஒரே நாள்ல மாத்தலாம், ஆளை மாத்த முடியாது. எல்லாத்துக்கும் விடை தெரிஞ்சாத்தான் கிளாஸ்ல நிக்க முடியும்னு பழகின ஒரு டீச்சரை, "எனக்கும் தெரியலப்பா, வா பார்க்கலாம்"னு பசங்க முன்னாடி சொல்ல வைக்கிறதுக்கு ரெண்டு நாள் டிரெயினிங் பத்தாது, அவங்களும் ஒரு கேம் பண்ணணும், அவங்க கேமும் உடையணும்.

பொருள் வாங்கறப்ப ரோபோ கிட்டை விட ஒயர், ஃபாயில், டேப் ஜாஸ்தியா வாங்குங்க. யூஎஸ்பி கேபிள்ல சார்ஜ் மட்டும் ஏத்துற வகை ஒண்ணு இருக்கு, டேட்டா போகாது, வெளிய பார்த்தா வித்தியாசமே தெரியாது, என் வாழ்க்கைல போன மணி நேரங்கள்ல பாதி அந்த கேபிளுக்குத்தான் போயிருக்கும், தயவுசெஞ்சு பார்த்து வாங்குங்க. ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர் நல்லது, ஆனா கீபோர்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கை மாறணும், இல்லன்னா ஒருத்தர் கத்துக்குவாங்க, ஒருத்தர் வேடிக்கை பார்ப்பாங்க. என் கிளாஸ்ல பார்த்த வரைக்கும் கலந்து உக்கார வெச்சா பையன் கீபோர்டைப் பிடிச்சுக்கிட்டு பொண்ணை "நீ படம் வரை"ன்னுடுவான், அவளும் சரின்னுடுவா. அந்த பேய் பெட்டிப் பொண்ணும் முதல் மாசம் படம்தான் வரைஞ்சுக்கிட்டு இருந்தா.

எல்லாருக்கும் கேம் பிடிக்கும்னும் நினைக்காதீங்க. ஒரு பையன் தம்பி ரூமுக்குள்ள வந்தா கத்துற அலாரம்தான் பண்ணுவேன்னு அடம் பிடிச்சான், பண்ணான், நல்லாவே பண்ணான், வீட்லேர்ந்து எனக்கு கம்ப்ளெயின்ட் வந்துச்சு.

கடைசியா ஒண்ணு கேக்குறேன். முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நாள் நேர்ல வாங்க. மேடை, வரவேற்பு எதுவும் கிடையாது, பசங்க பண்ணின பாதி முடிஞ்ச கேம் முன்னாடி உங்களை உக்கார வெப்போம், நீங்க ஆடணும், அவ்ளோதான். எந்த பட்டன்னு கேட்டா பின்னாடி நிக்கிற பையன் பதில் சொல்ல மாட்டான், கோச்சுக்காதீங்க, அது ரூல். நீங்க எங்க முழிக்கிறீங்கன்னு அவன் நோட்ல எழுதிக்கிட்டு இருப்பான்.